கேடயத்தைக் கீழே வையுங்கள்

கேள்வி: எல்டன் ரிங் வீடியோ கேமில் மலேனியா என்ற பாஸிடம் (பெரிய எதிரியிடம்) 60 தடவைக்கு மேல் செத்துவிட்டேன். லெவல் 140, வைகர் (ஹெல்த்தைக் கூட்டும் புள்ளி) 35, கையில் உச்சிகட்டானா வாளும் பெரிய கேடயமும். இன்னும் 20 லெவல் ஏற்றிவிட்டு வரட்டுமா? நம்மைப் போலவே உருவெடுத்துச் சண்டை போடும் மிமிக் டியர் என்ற ஆவியைத் துணைக்கு சம்மன் பண்ணி ஜெயித்தால் அது ஜெயிப்பே இல்லை என்கிறான் நண்பன். பேசாமல் விட்டுவிடலாமா? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: லெவல் ஏற்ற வேண்டாம். 140 தாராளமாகப் போதும். உங்களைக் கொல்வது லெவல் இல்லை, அந்தக் கேடயம். மற்ற பாஸ்களிடம் உங்களைக் காப்பாற்றிய பழக்கத்தோடு இவளிடம் போகிறீர்கள். மலேனியாவின் வாள் உங்கள் மேல் பட்டால் அவள் ஹெல்த் ஏறும், அது தெரிந்திருக்கும். கேடயத்தில் பட்டாலும் ஏறும் என்பதைக் கவனித்தீர்களா? உங்களுக்கு ஒரு சொட்டு ஹெல்த் குறையாவிட்டாலும் அவளுக்கு ஏறும். நீங்கள் பத்து நொடி பத்திரமாகத் தடுத்துக்கொண்டு நின்றால், அதற்கு முன் உயிரைக் கொடுத்து வெட்டியதெல்லாம் வீண். கேடயத்தோடே அவளை முடித்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அவர்கள் அவள் மீட்பதைவிட வேகமாகக் குத்தத் தெரிந்தவர்கள். உங்கள் கையில் இருப்பது அந்த ஆட்டம் இல்லை.

வைகர் 35 என்பதும் இந்த இடத்துக்குக் குறைவு. 40-ல் ஹெல்த் 1450, 60-ல் 1900. அதற்கு மேல் 99 வரை ஏற்றினாலும் கிடைப்பது வெறும் 200தான், ஆகவே 60 போதும். அதற்காக லெவல் ஏற்றும் ரூன் சேர்க்க அலைய வேண்டாம், புள்ளிகளை மாற்றித் தரும் ரென்னலாவிடம் அதற்குத் தேவையான லார்வல் டியர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், வேறு எங்கோ கொட்டி வைத்திருக்கும் புள்ளிகளை இங்கே மாற்றுங்கள். உச்சிகட்டானாவை மாற்றாதீர்கள். அதில் பிளீட் (ரத்தக்கசிவு) இயல்பாகவே இருக்கிறது, வாளைக் கோல்ட் வகைக்கு மாற்றிவிட்டால் ஃபிராஸ்ட்பைட்டும் (உறைபனிப் பாதிப்பும்) சேர்ந்துகொள்ளும், இரண்டுமே மலேனியா மேல் வேலை செய்யும். இரண்டும் அவள் மொத்த ஹெல்த்தில் ஒரு பங்கை வெட்டியெடுப்பவை என்பதால், அவள் திரும்பத் திரும்ப மீட்டுக்கொள்ளும் சண்டையில் இதைவிட நல்ல துணை இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். 60 தடவை செத்திருக்கிறீர்கள், எத்தனை தடவை அவளைப் பார்த்தீர்கள்? உங்கள் கண் முழுக்க அவள் ஹெல்த் கோட்டின் மேல்தான் இருந்திருக்கும். அடுத்த பத்து தடவை ஜெயிக்கப் போகாதீர்கள். முதல் ஐந்தில் ஒரு வெட்டுகூட வெட்டாமல், உருண்டும் ஓடியும் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க முடிகிறது என்று மட்டும் பாருங்கள். எந்த வெட்டுக்குப் பிறகு அவள் ஒரு மூச்சு நிற்கிறாள் என்பது தானாகவே பிடிபடும். ஹெல்த்தை மீட்கும் ஃபிளாஸ்க்கைக் குடிக்க வேண்டியதும் அந்த இடத்தில்தான், பயம் வந்த இடத்தில் இல்லை.

அடுத்த ஐந்து தடவை அவளுடைய மிகக் கொடிய தாக்குதலான வாட்டர்ஃபௌல் டான்ஸுக்காக. அவள் ஹெல்த் கால்வாசி குறைந்த பிறகுதான் அதை ஆடுவாள், அதனால் அது வரைக்கும் வெட்டுங்கள், அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். திடீரென்று மேலே எழும்புவாள், ஒரு காலை மடக்கி, வாளைப் பின்னால் இழுத்துப் பிடித்து, காற்றில் ஒரு கணம் அப்படியே தொங்குவாள். உங்களுக்கு உள்ள நேரம் அந்த ஒரு கணம்தான். அதில் ஓடத் தொடங்க வேண்டும், உருளக் கூடாது, லாக்-ஆனை (கேமராவை அவள் மேலேயே பூட்டி வைப்பதை) விட்டுவிட்டு முதுகைக் காட்டி ஓட வேண்டும். முதல் சுழல் உங்களை எட்டாமல் போகும். இரண்டாவது துரத்திக்கொண்டு வரும்போது நேர்மாறாக அவளை நோக்கியே உருள வேண்டும், அவள் உங்கள் தலைக்கு மேலே போய்விடுவாள். பின்னால் உருண்டவர்கள் எல்லாம் அங்கேதான் சாகிறார்கள். நானும் அப்படித்தான் செத்துக்கொண்டிருந்தேன், உள்ளே உருளக் கை பழகியதற்கு அப்புறம்தான் இரண்டாம் கட்டத்தையே ஒழுங்காகப் பார்த்தேன்.

முதல் ஹெல்த் தீர்ந்ததும் வரும் இரண்டாம் கட்டத்தில் முழு ஹெல்த்தோடு வரமாட்டாள், 80 சதவீதம்தான். வந்ததும் மேலே போய்ப் பூவாக விழுவாள், பக்கவாட்டில் ஓடுங்கள். பூ வெடித்து முடிந்ததும் சில நொடி அதற்குள் அசையாமல் இருப்பாள், ஸ்கார்லெட் ராட் (ஹெல்த்தை அரிக்கும் அழுகல்) உங்கள் மேல் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று வெட்டு வெட்டிவிட்டு விலகிவிடுங்கள்.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது தவறு. ஆவிகளைக் கூப்பிடும் அந்த மணியை உங்கள் கையில் கொடுத்தது விளையாட்டை உருவாக்கியவர்கள். 2022-ல் தலையில் ஜாடியும் இடுப்பில் ஒரு துணியும் இரண்டு கட்டானாவுமாக, லெட் மீ சோலோ ஹெர் (அவளை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்) என்ற பெயரில் ஒரு ஆட்டக்காரர், கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வந்து மலேனியாவைத் தனியாக வீழ்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். விளையாட்டை வெளியிட்ட பண்டாய் நாம்கோ நிறுவனம் அவருக்கு நிஜ வாள் ஒன்றையே பரிசாக அனுப்பியது. கூப்பிடுவது அவமானம் என்றால் அந்த வாள் எதற்கு?

மிமிக் டியரைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் ஒன்று, அது நீங்கள் அந்த நேரத்தில் மாட்டியிருப்பதை அப்படியே காப்பி அடிக்கும். நீங்கள் கேடயத்தோடு நின்றால் அதுவும் கேடயத்தோடுதான் வரும், அதன் மேல் படும் ஒவ்வொரு அடியிலும் மலேனியா தேறிக்கொண்டே இருப்பாள். கேடயத்தைக் கழற்றிவிட்டுக் கூப்பிடுங்கள். அதைக் கூப்பிடச் செலவாவது எஃப்.பி. (திறன்களுக்கான சக்தி) இல்லை, உங்கள் ஹெல்த்தான், அதனால் கூப்பிட்ட கையோடு ஒரு ஃபிளாஸ்க் குடித்துவிட வேண்டும். உங்கள் வாள் திறனுக்கு எஃப்.பி. தேவைப்படாது என்றால் எஃப்.பி.யை மீட்கும் நீல ஃபிளாஸ்க் ஒன்றுகூட வேண்டாம், எல்லாவற்றையும் ஹெல்த்தை மீட்கும் சிவப்பாக மாற்றிக்கொள்ளுங்கள்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். விடலாம், அவளைத் தொடாமலே கதையை முடிக்க முடியும். ஆனால் 60 தடவை போனவர் அதற்காகக் கடிதம் எழுத மாட்டார். நான் சொன்ன பத்து தடவை பார்த்துவிட்டு, பதினோராவதில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.