செருப்புக்குக் காவல் இருந்தது போதும்

கேள்வி: எனக்கு 34 வயது. மதுரை வில்லாபுரத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். வீட்டுக்காரருக்குக் கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை. கல்யாணமாகி 11 வருஷம். 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். வருஷா வருஷம் மே மாதம் மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம், கொழுந்தன் குடும்பம் என்று 14 பேர் வேன் பிடித்து ராமேஸ்வரமோ திருச்செந்தூரோ போவோம். ராத்திரி 2 மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுவது நான். எல்லாரும் கடலில் இறங்கியதும் பைகளுக்கும் செருப்புக்கும் காவல் உட்காருவதும் நான். இத்தனை வருஷத்தில் முழங்கால் நனைந்ததில்லை. 'நாம ரெண்டு பேர் மட்டும் எங்கேயாவது போவோமா?' என்று கேட்டால், 'அம்மா என்ன நினைப்பாங்க, பிள்ளைகளை விட்டுட்டுப் போனா ஊரு சிரிக்கும்' என்கிறார். கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனோம். அதற்கும் கொழுந்தன் கூட வந்தார். நான் ஆசைப்படுவது தப்பா? எங்கே போகலாம், வீட்டில் எப்படிக் கேட்கலாம்?

பின்குறிப்பு: கடலில் இறங்கினாலும் சேலையோடுதான் இறங்க வேண்டும் என்கிறார் மாமியார். சுடிதார் போடலாமா?

பெயர் வேண்டாம், மதுரை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கொழுந்தனும் கூட வந்த தேனிலவைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் போனதும் அந்த லட்சணம்தான். 'பாவம், வீட்டில் தனியா இருக்காங்களே' என்று மாமியாரின் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போய், மூன்று பேருமாக ஏரியைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஆசை தப்பில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது செருப்புக்குக் காவல் இருந்த வரியைத்தான். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போயும் கால் நனையவில்லை என்றால், நீங்கள் சுற்றுலா போகவில்லை, வேலைக்குப் போய் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் குறைகள். கூட்டத்தோடு போகும்போது உங்களுக்கு ஓய்வு இல்லை. கணவரோடு தனியாகப் போக வழியும் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்டால், 'எங்களோட வர்றது பிடிக்கலை, அதான் தனியா போகணுங்கறா' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் முதல் குறையை முதலில் பார்ப்போம்.

வேனில் அடுப்படியை ஏற்றாதீர்கள். விடிகாலை நாலரைக்குக் கிளம்பினால் ராமநாதபுரம் பக்கம் காலைப் பசி எடுக்கும். அங்கே ஓட்டலில் இட்லி சாப்பிட்டால் என்ன? 14 பேருக்குச் செலவாகும் என்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் வியாபாரி, கணக்கு புரியும். வேன் வாடகையோடு இந்த ஒரு வேளை பில்லையும் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு என்று பிரிக்கச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் அந்தப் பங்கை உங்கள் தூக்கத்தில் கழித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மாமனார், மாமியாருக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது என்றால் அவர்கள் இருவருக்கு மட்டும் ஒரு டப்பாவில் தயிர்சாதம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்குக் கட்டுவதற்கு ராத்திரி 2 மணிக்கு எழ வேண்டியதில்லை.

மதியம் மீன் சாப்பாட்டை நம்பித்தான் எல்லாரும் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன்தான் கரைக்கு வரும், விலையும் கூட இருக்கும். மே மாதம் போய் 'மீனே இல்லையே' என்று நாத்தனார் வீட்டுக்காரர் முகம் சுளித்தால், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

இடத்தையும் கொஞ்சம் மாற்றலாம். அக்னி தீர்த்தம் நீராடும் துறை, பிள்ளைகள் ஆற அமர விளையாடும் இடம் இல்லை. அதில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத் துணியோடு வரிசையில் நின்று முடித்தால் பாதி நாள் போய்விடும். சாமி கும்பிடுவதை ஒரு நாளாகவும் கடலை இன்னொரு நாளாகவும் வையுங்கள். கடலுக்கு அரியமான் போங்கள். ராமநாதபுரம் தாண்டி மண்டபத்துக்கு முன்னால், உச்சிப்புளி பக்கம் உள்ளே திரும்ப வேண்டும். பாக் நீரிணைக் கடல் என்பதால் கோடையில் அலை அதிகம் இருக்காது, கரையும் ஆழமில்லை. சவுக்கு மர நிழலில் மாமனார் துண்டை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். அப்புறம், மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு தாத்தா, பாட்டி, பிள்ளைகளை மட்டும் ரயிலேற்றிவிட நேரம் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கப்பலுக்கு வழிவிடப் பாதையின் நடுத்துண்டு அப்படியே மேலே போகும் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. பிள்ளைகள் ஒரு வருஷம் பேசுவார்கள். வேனில் மீதிப் பேர் பின்னால் வரலாம்.

இப்போது காவல் விஷயம். செருப்பையும் பைகளையும் வேனிலேயே பூட்டிவிட்டு வாருங்கள். மே மாத மணல் சுடும் என்பீர்கள். காலை 9 மணிக்குள் கடலில் இறங்கிவிட்டால் அந்தச் சூடு இருக்காது. கடற்கரையில் காவல் வேண்டியது பிள்ளைகளுக்கு. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது நினைவிருக்கும். அன்றைக்குப் புயலும் இல்லை, மழையும் இல்லை. எங்கோ தூரக் கடலில் கிளம்பிய அலை, காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையில் எழும்புவதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். ஐதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தியைப் பாருங்கள். தண்ணீரில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், கைக்கு எட்டும் தூரத்தில், கையில் போன் இல்லாமல் நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாறட்டும். இந்த முறையில் உங்கள் கொழுந்தன், நாத்தனார் வீட்டுக்காரர், உங்கள் கணவர் என்று ஆண்கள் பெயர் முதலில் வரட்டும். அவர்கள் நிற்கும் அரை மணியில் நீங்கள் இறங்குங்கள்.

தனுஷ்கோடி போனால் அரிச்சல்முனையில் வேடிக்கை மட்டும் பாருங்கள், குளிக்க வேண்டாம். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தெற்கே ஆண் கடல், வடக்கே பெண் கடல் என்று அங்கே சொல்வார்கள். பெண் கடல் சாது என்பதும் கோடைக்குத்தான். வாடைக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் கொந்தளிக்கும்.

சரி, இனி இரண்டாவது விஷயம்.

முதலில் மே மாதத்தை விட்டுவிடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தபந்தமே வீட்டில் பாதி தங்கியிருக்கும். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேறு வேண்டும், எடுத்துக்கொண்டு போனாலும் கோடை விடுமுறையில் மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நிற்க வேண்டியிருக்கும். அதோடு, நீங்கள் கேட்பது கடல்தானே? சங்கப் புலவர்கள் தலைவன் தலைவி கூடுவதற்கு மலையான குறிஞ்சியைக் கொடுத்துவிட்டு, கடற்கரையான நெய்தலுக்கு 'இரங்கல்' என்று எழுதிவைத்தார்கள். பிரிந்தவனை நினைத்துக் கரையில் உட்கார்ந்து ஏங்குவது. அந்த ஏக்கத்தை 11 வருஷம் உட்கார்ந்தே பார்த்துவிட்டீர்கள். இலக்கணத்தை மீறிக் கடலுக்கே போங்கள்.

என் கணக்கு மாசி மாதக் கன்னியாகுமரி. மதுரையிலிருந்து 245 கிலோமீட்டர் போல. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போய்வரும் சாமிமார் கூட்டம் நிரம்பி வழியும், அது ஓய்ந்திருக்கும். ஆனி, ஆடிக் காற்றில் கடல் கடுமையானால் விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்திவிடுவார்கள், அந்தத் தொல்லையும் மாசியில் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பி, ஞாயிறும் திங்களும் இரவு தங்கி, செவ்வாய் மதியம் கடைக்குத் திரும்பலாம். ஞாயிறு கடைக்கு விடுமுறை என்றால் ஒன்றரை நாள் வியாபாரம்தான் போகும்.

பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள், 2024 டிசம்பர் 30 அன்று திறந்தது. நடந்து பாருங்கள். எனக்கு அதைவிட வட்டக்கோட்டை பிடிக்கும். ஊரிலிருந்து சில கிலோமீட்டரில், கடலை ஒட்டிய திருவிதாங்கூர் காலத்துக் கோட்டை. 1741-இல் குளச்சல் போருக்குப் பிறகு மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, அவருக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் வலுப்படுத்தியது. சாயங்காலம் மதில் மேல் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை. அங்கே ஒரு மணி நேரம் பேசாமல்கூட உட்கார்ந்திருக்கலாம். இரண்டு நாளில் ஏழு இடம் பார்க்கத் திட்டம் போட்டால் அது மறுபடியும் வேன் பயணம்தான்.

அறை எடுக்கும்போது ஒன்று. நாங்கள் ஒரு தடவை, ஊர் பெயர் வேண்டாம், 'கடல் பார்த்த அறை' என்று கூடுதல் பணம் கொடுத்துப் போனோம். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். அதன் மேல் ஏறி நின்றால் கடல் தெரியும் என்று ஆள் சொன்னார். எந்த மாடி, எந்தப் பக்கம் என்று போனிலேயே கேளுங்கள், அந்த அறை ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

வீட்டில் எப்படிச் சொல்வது? பொய் மட்டும் வேண்டாம். 'நாகர்கோவிலில் ஒரு விசேஷம்' என்று சொல்லிவிட்டுப் போனால், கன்னியாகுமரி பேருந்து நிலையத்தில் உங்கள் தெருக்காரர் ஒருவர் நிச்சயம் எதிரே வருவார். நீங்களும் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் தன் வாயால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். 'அவ ஆசைப்படறா' என்று உங்கள் தலையில் போடாமல், 'நாங்க ரெண்டு பேரும் ரெண்டு நாள் போயிட்டு வர்றோம்மா' என்று சொல்ல வேண்டும். மாமியார் முகம் நாலு நாள் வாடும். வாடட்டும், அதற்காகத் தேதியை மாற்றாதீர்கள். ஆனால் ஒரு நாள் சும்மா பூக் கட்டும்போது கேட்டுப் பாருங்கள்: 'அத்தை, நீங்களும் மாமாவும் மட்டும் எங்கேயாவது போயிருக்கீங்களா?' என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. போனதில்லை என்றால், அடுத்த டிக்கெட் அவர்களுக்கு எடுத்துக் கொடுக்க உங்கள் வீட்டுக்காரருக்கு மனசு வரலாம்.

சின்னப் பிள்ளைக்கு 5 வயது என்கிறீர்கள். கன்னியாகுமரி கிளம்புவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி உங்கள் அம்மா வீட்டிலோ பாட்டியிடமோ தனியாகத் தூங்கவிட்டுப் பாருங்கள். அழுது ஊரைக் கூட்டினால் ஆறு மாதம் பொறுக்கலாம். கன்னியாகுமரி எங்கும் போய்விடாது.

உங்கள் வீட்டுக்காரர் எதற்குமே அசையவில்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு, பிள்ளைகள் எழுவதற்குள், வண்டியை எடுக்கச் சொல்லி கீழக்குயில்குடி போங்கள். சமணர் மலை அடிவாரம், தாமரைக் குளம், ஆலமரம், ஒரு டீ. 9 மணிக்கு வீடு. இதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அங்கே முதல் தடவை பேச எதுவும் கிடைக்காமல் பிள்ளைகளின் ஃபீஸ் பற்றியே பேசிவிட்டுத் திரும்புவீர்கள், பயப்படாதீர்கள், எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. நாலாவது ஞாயிறில் வேறு பேச்சு வரும். கன்னியாகுமரியிலும் முதல் சாயங்காலம் அப்படி இருக்கலாம். அந்த வெறுமையில் 11 வருஷக் கணக்கை எடுத்து விரிக்காதீர்கள். கடைக்கு போன் பேச அவருக்குக் காலையில் ஒரு அரை மணி, ராத்திரி ஒரு அரை மணி கொடுத்துவிடுங்கள். முழுசாகப் பேசாதே என்றால் குளியலறையில் போய்ப் பேசுவார்.

பின்குறிப்புக்கு வருகிறேன். சுடிதார்தான். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால் அலை இழுக்கும்போது எழுந்து நிற்க முடியாது, நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அதே கதிதான். மாமியாரிடம் இதை அழகுப் பிரச்சினையாகப் பேசாமல் ஆபத்துப் பிரச்சினையாகப் பேசுங்கள். கையோடு அவருக்கும் ஒரு நைட்டி எடுத்து வையுங்கள், அரியமானில் யாரும் பார்க்காத பக்கமாக அவரும் இறங்கக்கூடும்.