உசிலம்பட்டி பட்டியலில் அப்பா பெயர் ஏன் இல்லை?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் சேடபட்டி பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறேன். எஸ்.ஐ.ஆர். (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) படிவத்தில் பழைய வாக்காளர் பட்டியலில் பெற்றோர் பெயர் இருந்த விவரம் கேட்கிறார்கள். ஊரில் அம்மா உசிலம்பட்டி தொகுதியில்தான் ஓட்டுப் போடுகிறார். ஆனால் உசிலம்பட்டியின் பழைய பட்டியலை இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தும் அப்பா பெயரும் இல்லை, அம்மா பெயரும் இல்லை. கம்ப்யூட்டர் சென்டர்காரர், "உங்க குடும்பமே லிஸ்ட்டில் இல்லை, 1,500 ரூபாய் கொடுங்க, ஏற்றித் தர்றேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பார்ப்போம். இருபது வருடத்துக்கு முன் அச்சாகி முடிந்த பட்டியல் அது. அதில் இனிமேல் தாசில்தாரே நினைத்தாலும் ஒரு பெயரை ஏற்ற முடியாது. அப்புறம் சென்டர்காரர் எதை ஏற்றுவார்? இருக்கிற பெயரைத் தேடி எடுத்து உங்களிடமே விற்பார், அவ்வளவுதான்.

நீங்கள் தேடிய இடம்தான் தப்பு, அம்மா. உங்கள் பெற்றோர் அன்றைக்கு ஓட்டுப் போட்டது பெரும்பாலும் சேடபட்டி தொகுதியில். அந்தப் பெயரில் இன்று தொகுதியே இல்லை. 2008-ல் நடந்த தொகுதி மறுசீரமைப்பில் மொத்த எண்ணிக்கை 234 என்பது மாறவில்லை, ஆனால் உள்ளே வரப்பையெல்லாம் வெட்டி வேறு மாதிரி போட்டுவிட்டார்கள். சேடபட்டி தொகுதியைக் கலைத்து, பேரையூர் தாலுகாவில் ஒரு பகுதியை உசிலம்பட்டியோடும் இன்னொரு பகுதியைத் திருமங்கலத்தோடும் சேர்த்தார்கள். பழைய பட்டியல் தமிழ்நாட்டில் சில தொகுதிகளுக்கு 2002, சிலவற்றுக்கு 2005. எதுவானாலும் 2008-க்கு முந்தியது. ஆக, அந்தப் பட்டியலில் சேடபட்டி உயிரோடு இருக்கிறது. அப்போதே உசிலம்பட்டி என்றும் ஒரு தொகுதி இருந்ததால்தான் இத்தனை குழப்பம். இல்லையென்றால் தேடும்போதே வெறும் பக்கம் வந்திருக்கும், நீங்களும் சுதாரித்திருப்பீர்கள்.

உங்கள் ஊர் சேடபட்டியில்தான் இருந்ததா என்று சந்தேகமாக இருந்தால் அம்மாவிடம் கேளுங்கள். தொகுதி பெயரைக் கேட்டால் "நம்ம ஊர்லதான் போட்டோம்" என்பார். அதனால் "அப்ப எம்.எல்.ஏ. யாரும்மா?" என்று கேளுங்கள். அந்தத் தொகுதியில் 1977, 1980, 1984 என்று வரிசையாக ஜெயித்தவர் சேடபட்டி முத்தையா. 1989-ல் அ.தி.மு.க. இரண்டாக உடைந்து நின்றபோது தி.மு.க.வின் அதியமான் வந்தார், 1991-ல் மறுபடியும் முத்தையா, அந்த ஐந்து வருடம் சட்டமன்றத் தலைவரும் அவர்தான். 1996-ல் தி.மு.க.வின் தளபதி. 2001-லும் 2006-லும் அ.தி.மு.க.வின் துரைராஜ். பழைய பட்டியல் துரைராஜ் காலத்தோடு ஒட்டியது. "துரைராசுக்குப் போட்டோம்" என்றோ "அவரைத் தோற்கடிக்கத்தான் போட்டோம்" என்றோ சொன்னால் விஷயம் முடிந்தது.

ஆனால் "முத்தையாவுக்குப் போட்டோம்" என்ற பதிலை மட்டும் நம்பாதீர்கள். 1998-ல் அவர் பெரியகுளம் தொகுதியில் எம்.பி.யாகவும் ஜெயித்தார். அந்தப் பெரியகுளத்துக்குள் தேனி, போடி, கம்பம், ஆண்டிபட்டி எல்லாம் அடக்கம். கம்பத்துக்காரரும் "முத்தையாவுக்குப் போட்டேன்" என்று சொல்லலாம், பொய்யில்லை. அதே மாதிரி "எம்.ஜி.ஆருக்குப் போட்டோம்" என்பது இரட்டை இலைக்குப் போட்ட எல்லாரும் சொல்வது. இந்தப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். பெயருக்கு நேராகவே முத்திரை குத்தியவர்கள் என்றால் 1980-ல் மதுரை மேற்குக்காரர்கள், 1984-ல் ஆண்டிபட்டிக்காரர்கள். 1984-ல் அவர் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் படித்த பிள்ளைகள்தான் இதில் விழுகிறார்கள். சேடபட்டியிலிருந்து திருமங்கலத்துக்குப் போன ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "2008-லேயே பிரித்துவிட்டார்கள் என்கிறீர்கள், 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்தபோது எங்கள் ஊருக்கு ஓட்டே இல்லையே, கவரும் வரவில்லையே, அப்புறம் நாங்கள் எப்படித் திருமங்கலம்?" என்று. ஓட்டுக்குக் கவரில் பணம் கொடுப்பதை நாடு முழுக்க 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பேசவைத்த அதே தேர்தல்தான். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. 2006-ல் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் கலைகிறவரைக்கும் பழைய எல்லைதான் செல்லும், நடுவில் இடைத்தேர்தல் வந்தால் அதுவும் பழைய எல்லைப்படிதான். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் புது எல்லை. அதனால் 2009 மே மாதம் உங்கள் ஊரார் தேனி எம்.பி.க்கு ஓட்டுப் போட்டார்கள், எம்.எல்.ஏ.வோ 2011 வரை சேடபட்டி எம்.எல்.ஏ.தான். பக்கத்துக் கிராமம் திருமங்கலத்துக்குள் விழுந்திருந்தால் அவர்களுக்கு எம்.பி. விருதுநகர். ஒரே கண்மாய்த் தண்ணீர், இரண்டு எம்.பி. ஆகவே 2009, 2010 ஞாபகத்தை வைத்துப் பழைய தொகுதியைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். 2006 சட்டமன்றத் தேர்தல், அதற்கு முந்திய ஞாபகம், அதுதான் கணக்கு.

அம்மாவிடம் பழைய அடையாள அட்டை இருந்தால் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். 'டிஎன்' என்று ஆரம்பித்து சாய்கோடு போட்டுப் போட்டு எண் இருக்கும். நடுவில் வரும் மூன்று இலக்கம் சட்டமன்றத் தொகுதி எண். அதை இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டுவிடாதீர்கள், 2008-ல் எண்களும் மொத்தமாக மாறின. இன்றைக்கு உசிலம்பட்டி 197, திருமங்கலம் 196. அந்த எண்கள் பழைய பட்டியலில் வேறு ஊரைக் காட்டும்.

சரி, சேடபட்டியைத் திறந்தாயிற்று. பெயரைத் தட்டித் தேடாதீர்கள், எழுத்து ஒன்று மாறினாலும் வராது. ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் ஊர், வாக்குச்சாவடி இருக்கும் பள்ளிக்கூடம் எழுதியிருக்கும். ஊரைப் பிடித்து, தெருவைப் பிடித்து, வீட்டு எண்ணுக்கு இறங்குங்கள். மாயாண்டி என்ற பெயர் உங்கள் பக்கம் ஒரு தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும், அதனால் பெயரோடு தந்தை பெயர், வயது, அடுத்த வரியில் மனைவி பெயர் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, அப்பா பெயர் 'மாயாண்டி', தாத்தா பெயர் 'ஒச்சு', வயது 48, அடுத்த வரியில் உங்கள் அம்மா 'கருப்பாய்' என்று (கருப்பாயி என்று இருக்காது, எழுதினவர் அவசரத்தில் இருந்திருப்பார்) கிடைத்தால் அதுதான் உங்கள் வீடு. வயது ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. பத்து வருடம் இடித்தால் அவர் வேறு மாயாண்டி.

இந்தச் சென்டர்காரர்களின் வேலையே இதில்தான் இருக்கிறது. பெயர் ஒத்தால் போதும் என்று யாரோ ஒருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் படிவத்தில் எழுதித் தந்துவிடுவார்கள். நீங்களும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவீர்கள். பிறகு விசாரணை என்று வந்தால் தப்பான விவரத்துக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான், அவர் இல்லை. இதில் ஓ.டி.பி. சொல்லச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கட்சிக்காரர் வந்து "கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடும்மா, நாங்க நிரப்பிக்கிறோம்" என்றாலும் அதே பதில்தான், எந்தக் கட்சியாக இருந்தாலும்.

எனக்கு அவர்கள் மேலே மட்டும் கோபம் இல்லை. எல்லையை மாற்றியது அரசாங்கம், மாற்றியதற்கான ஆவணமும் அங்கேதான் இருக்கிறது. தேடுகிற இடத்திலேயே 'உங்கள் ஊர் அன்று இந்தத் தொகுதி' என்று கண்ணில் படுகிற மாதிரி ஒரு வரி போட்டால் சென்டர் வாசலில் பாதிக் கூட்டம் கலைந்துவிடும். தேர்தல் பிரிவில் இருந்த காலத்தில் ஒரு தாலுகாவுக்கு அப்படி ஒரு தாள் தயாரித்துக் கொடுத்தேன். "இது நம்ம வேலை இல்லை" என்று மேலிருந்து திரும்பி வந்தது. படிவம் கொண்டுவரும் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அங்கன்வாடி அம்மாவாக இருப்பார், அவரிடம் போய் மறுசீரமைப்பு பற்றிக் கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம்.

படிவத்தில் உறவினர் விவரம் கேட்கும் பகுதியில் அப்பா பெயர், பழைய தொகுதி சேடபட்டி, அந்தப் பக்கத்தில் உள்ள தொகுதி எண், பாகம் எண், வரிசை எண், இவ்வளவும் பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள். 'கருப்பாய்' என்று இருந்தால் 'கருப்பாய்'தான், திருத்தி எழுத வேண்டாம். கணவர் வீட்டு விவரத்தை இங்கே எழுதக் கூடாது, கேட்பது உங்கள் பெற்றோர் வழி. இரண்டு படிவம் தந்திருப்பார்கள், ஒன்றில் பி.எல்.ஓ.விடம் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் உள்ள பக்கத்தையும் அந்தப் பாகத்தின் முதல் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து அதோடு பின் பண்ணிவிடுங்கள், பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது.