கார் கேள்வி–பதில்: சூடானால் நின்றுவிடும் பழைய கார்

கேள்வி: என்னிடம் 1986 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கிறது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. 20 நிமிடம் ஓடியதும் சிக்னலில் நின்றுவிடுகிறது; அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்புகிறது. கார்புரேட்டர் சர்வீஸ் செய்து, புது பிளக், புது ஏ.சி. பம்ப் (இன்ஜினிலுள்ள பெட்ரோல் பம்ப்) எல்லாம் போட்டும் தீரவில்லை. – வாசகர், திருச்சி

பதில்: இனி எந்த உதிரிபாகமும் வாங்காதீர்கள். வண்டி நின்ற அந்த ஐந்து நிமிடத்தில்தான் கோளாறு பிடிபடும். ஆறிய பிறகு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். அதனால் ஒரு நல்ல பிளக், ஒரு டெஸ்ட் லாம்ப் (கிளிப்பும் கூர்முனையும் உள்ள சோதனை விளக்கு), ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு துணி, இவை எப்போதும் டிக்கியில் இருக்கட்டும். நின்றதும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: வராதது கரண்டா, பெட்ரோலா?

முதலில் கரண்ட். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, கையிலுள்ள பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கின் உடல் இன்ஜின் இரும்பைத் தொட்டிருக்கும்படி வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலநிறத்தில் ‘சட் சட்’டென்று தெறித்தால் கரண்ட் பக்கம் குறையில்லை. மஞ்சளாகச் சோர்ந்து தெரிந்தால் முதல் சந்தேகம் கண்டென்சர் (டிஸ்ட்ரிபியூட்டரோடு இணைந்த சிறு மின்தேக்கி), அடுத்தது காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது). இரண்டுமே சூட்டில் செத்து, ஆறினால் உயிர்பெறும் சாமான்கள். கண்டென்சர் கெட்டிருந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் பாகம்) சேர்ந்து பிரியும் தொடுமுனையான பாயிண்டைத் திறந்து பார்த்தாலே தெரியும்: முகம் கருகி, ஒரு பக்கம் குழியும் எதிர்ப்பக்கம் மேடுமாக இருக்கும். பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றி, இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.45 மி.மீ. வையுங்கள்.

கரண்டே வரவில்லையா? டெஸ்ட் லாம்பின் கிளிப்பை எர்த்தில் (இன்ஜின் இரும்பில்) மாட்டி, முனையை டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெல்லிய ஒயர் போகும் காயில் முனையில் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது விளக்கு மினுக்க வேண்டும். அணையாமல் எரிந்தால் பாயிண்ட் சேரவில்லை, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் குட்டி ஒயர் அறுந்திருக்கிறது. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் மட்டும் விட்டுப்போயிருக்கும் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. மெல்ல இழுத்தால் ரப்பர்போல நீளும். பல நாள் வதைக்கிற கோளாறு இது. விளக்கு எரியவே இல்லையென்றால் சாவியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். அது வந்தால், கண்டென்சரோ அந்தக் குட்டி ஒயரோ உள்ளே எர்த் ஆகியிருக்கலாம்.

கரண்ட் நன்றாக இருந்தால் பெட்ரோல். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, துளையைச் சுத்தம் செய்தால் போதும். சத்தமில்லை என்றால் ஏ.சி. பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றித் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் பெட்ரோல் ஆவியாகி பம்ப்பில் அடைத்தது உறுதி. பத்மினியில் இது சகஜம். புது பம்ப் போட்டபோது, பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள பேக்கலைட் தகட்டைத் திரும்ப வைத்தார்களா என்று அவசியம் பாருங்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடு நேராகப் பம்ப்பில் ஏறும். ரேடியேட்டர் அடைத்திருந்தாலும் இதே தொல்லைதான்.

டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு வரும் ரப்பர் ஹோஸையும் விடாதீர்கள். வெடித்த ஹோஸ் பெட்ரோலைச் சொட்டவிடாமலே காற்றை இழுக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் 20% வரை இருப்பதால் பழைய ரப்பர் சீக்கிரம் ஊறிக் கெடுகிறது. எத்தனாலைத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 2003 மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை). ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. சில நாள் செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிப்பதில்லை. – வாசகி, கோவை

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகளாக இருக்கலாம். காலை எடுத்ததும் நிற்பதற்கு, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படியும் கரிதான் பெரும்பாலும் காரணம். கிளீனர் ஸ்ப்ரேயைத் துணியில் நனைத்து, தகட்டின் ஓரத்தையும் ஐடில் (கால் எடுத்த நிலை) காற்று போகும் துளையையும் துடைக்கச் சொல்லுங்கள். வேக்குவம் ஹோஸ்களில் கீறல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிடிக்காத நாளில் சாவியை ஆன் மட்டும் செய்து, பின்சீட் பக்கம் காதைக் கொடுங்கள். டேங்க்கிலுள்ள பம்ப் இரண்டு மூன்று விநாடி ‘ங்ங்’ என்று முனக வேண்டும். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள், அடுத்து ரிலே (பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்). ரிலேயின் மூடியைக் கழற்றினால், சாலிடரில் ஊசிக்காலைச் சுற்றி முடி அளவு வட்டக் கீறல் சில சமயம் தெரியும். சூட்டில் அது விரிந்து தொடர்பு விட்டுப்போகும். மறுபடி சாலிடர் வைத்தாலும் ஓடும். புது ரிலே போடுவதே நல்லது.

கேள்வி: சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. புது பேட்டரி போட்டும் இப்படியே. – வாசகர், நாகர்கோவில்

பதில்: மல்டிமீட்டர் வையுங்கள். நன்கு சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும்; சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்காமலே ‘டக்’ என்றால், பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவே மீட்டரை வைத்து மறுபடி திருப்புங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டைதான் திருடன். அதன் இரு முனைகளையும் கழற்றி, இரும்பு மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து முடுக்குங்கள். அங்கே குறையில்லை என்றால் பாசிட்டிவ் கேபிளை இதேபோல் சோதியுங்கள்; அதுவும் சரியென்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, சாலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்தச் சுவிட்ச்) தொடர்புத் தகடுகளையும் கார்பன் பிரஷ்ஷையும் பார்க்கச் சொல்லலாம்.