பூ கொட்டுகிறது, காய் நிற்கவில்லை!

கேள்வி: மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டை மாடி. நாள் முழுக்க வெயில். தை மாதம் 12 அங்குல க்ரோ பேக்குகளில் சுகர் பேபி தர்பூசணி விதை போட்டேன். கொடி கைப்பிடிச் சுவர் வரை ஓடிவிட்டது. தினமும் மஞ்சள் பூ பூக்கிறது, தினமும் கொட்டுகிறது. கோலிக்குண்டு அளவில் வந்த காய்களும் மஞ்சளாகி விழுந்துவிட்டன. உரக்கடையில் பூ உதிராமல் இருக்க டானிக் கொடுத்தார்கள். அடிக்கலாமா அம்மா?
- வாசகி, விருதுநகர்

பதில்: டானிக்கை அலமாரியிலேயே வையுங்கள். கொடிக்கு நோய் எதுவும் இல்லை. தேனீ வரவில்லை, அவ்வளவுதான்.

தர்பூசணியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அது பூத்த அன்றே வாடி விழத்தான் செய்யும், கவலை வேண்டாம். சில நாள் கழித்துத்தான் பெண் பூ வரும். இதழுக்குக் கீழே ரோமம் படர்ந்த பச்சை உருண்டை இருந்தால் அது பெண் பூ. நீங்கள் ‘காய்’ என்று நினைத்தது இந்த உருண்டையைத்தான். மகரந்தம் சேராவிட்டால் அது மஞ்சளாகி விழுந்துவிடும்.

சரி, தேனீயின் வேலையை நீங்கள் செய்யுங்கள். காலையில் காபி குடித்த கையோடு, ஒன்பது மணிக்குள் மேலே போங்கள். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மூன்று பிரிவாக இருக்கும் சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும். மதியம் போய்ப் பிரயோஜனமில்லை, பூ மூடிவிடும். பிஞ்சு பிடித்தால் நாலைந்து நாளில் பருத்துத் தலை கவிழும். மகரந்தம் தடவிய தேதியை எழுதி ஒரு நூலில் கட்டிவிடுங்கள், பிறகு உதவும். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால் சாயங்காலம் மட்டும். தப்பித்தவறி வருகிற தேனீயையும் விரட்டிவிடாதீர்கள்.

எனக்கு உங்கள் பையைப் பற்றித்தான் கவலை. 12 அங்குலப் பையில் சுமார் 20 லிட்டர் மண்தான் பிடிக்கும். சித்திரை வெயிலுக்கு அது பத்தாது. அடுத்த தைக்கு 15 அங்குல அகலமும் உயரமும் உள்ள பை வாங்குங்கள், ஏறக்குறைய இரட்டிப்பு மண் பிடிக்கும். இப்போது வேரைக் கிளறி மாற்ற வேண்டாம், வெள்ளரிக் குடும்பத்துச் செடிகளுக்கு அது ஆகாது. பைக்கு ஒரு செடி, செடிக்கு ஒரே காய் என்று நிறுத்துங்கள். மற்றப் பிஞ்சுகளைக் கிள்ள மனசு வராதுதான். ஆனால் நாலு சப்பைக் காயைவிட ஒரு இனிப்பான பழம் மேல் என்பது என் கட்சி. இலையைக் கழிக்காதீர்கள், பழத்தின் இனிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

பையைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். சுற்றிலும் பழைய சாக்கு, மண் மேல் காய்ந்த இலை. வெயில் ஏற ஏற காலை மாலை இரு வேளையும் தண்ணீர். மத்தியானம் இலை துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் பரவாயில்லை, விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் தாகம். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினால் காய் வெடிக்கும்.

பக்கத்தில் பாகலோ பீர்க்கனோ இருந்தால் பழ ஈ வரும். பிஞ்சிலேயே மெல்லிய துணிப்பை போட்டுக் கட்டுங்கள். என் மாடியில் கொடியைப் பந்தலில் ஏற்றி, காய்க்குப் பழைய துப்பட்டாவில் தூளி கட்டிவிடுவேன். ஈ, பாரம் இரண்டுக்கும் அதுவே போதும்.

கேள்வி: கடையில் வாங்கிச் சாப்பிட்ட பழத்தின் விதையைப் போடலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: முளைக்கும். ஆனால் கடைக்கு வருவது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். சாப்பிட்ட அதே பழம் கிடைக்காது. இருக்கிற நாலு பையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழுத்ததா என்று தட்டிப் பார்த்தால் எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது. வேறு வழி?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: எனக்கும் தட்டுவதில் நம்பிக்கை இல்லை. காய்க் காம்பு கொடியோடு சேரும் கணுவில் சுருள் கம்பி ஒன்று இருக்கும். அது முழுக்கக் காய்ந்து பழுப்பானால் பறிக்கலாம். தரையில் கிடக்கும் காயானால் அடிப்பக்கம் வெள்ளை மாறி வெண்ணெய் மஞ்சளாகும். தூளியில் தொங்கும் காயில் இந்த அடையாளத்தைத் தேடாதீர்கள். சுகர் பேபிக்கு பூ பிடித்ததிலிருந்து சுமார் 35 நாள். கடைசி வாரம் தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள், கொடி வாடும் அளவுக்கு வேண்டாம். அவசரப்பட்டுப் பறித்துவிட்டு அரிசிப் பானையில் வைத்தால் மாம்பழம் பழுக்கும், தர்பூசணி பழுக்காது.