களைப்பா, அசதியா, இளைப்பா? சொல் கேள்வி-பதில்

களைப்பு, அசதி, சோர்வு மூன்றும் ஒன்றுதானே?

அகராதி ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகக் கொடுத்துவிடும். பேச்சில் அப்படி இல்லை. களைப்புக்குக் காரணம் தெரியும்: வெயிலில் நடந்த களைப்பு, இரவெல்லாம் பஸ்ஸில் வந்த களைப்பு. உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு. உட்கார்ந்து ஒரு சொம்பு மோர் குடித்தால் போய்விடும். அசதி சொல்லாமல் வரும். காய்ச்சலுக்கு முதல் நாள் உடம்பு கனத்து, கண் சொருகி, எதிலும் கை ஓடாமல் இருக்குமே, அதுதான். சோர்வில் மனசும் சேர்ந்துகொள்ளும். பரீட்சையில் தோற்றவன் சோர்ந்து போவான், களைத்துப் போகமாட்டான். குறளின் 'சொற்காத்துச் சோர்விலாள்' (56) என்பதிலும் பேச்சு உடம்பைப் பற்றியதல்ல, கடமையில் அசந்துவிடாமல் இருப்பதைப் பற்றியது.

'எனக்கு இளைக்குது' என்கிறார் மாமியார். டாக்டரோ எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்கிறார். யார் சொல்வது சரி?

மாமியார் சொன்னது சரியான தமிழ். 'இளை' என்பதற்கு மெலிவது, மூச்சு வாங்குவது என்று இரண்டு பொருளும் உண்டு. பிரித்துக் காட்டுவது வேற்றுமை உருபு. 'அவள் இளைத்துவிட்டாள்' என்றால் ஆள் மெலிந்திருக்கிறாள். 'எனக்கு இளைக்கிறது' என்று 'கு' சேர்ந்து வந்தால் மூச்சு வாங்குகிறது என்று பொருள். 'இளைப்பாறு' என்பதும் இளைப்பு ஆறட்டும் என்பதுதான். மாடிப்படி ஏறினால் இளைக்கிறது என்று ஒரு பெரியவர் சொன்னால் நெஞ்சையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும், எடையை அல்ல. அதனால் உடன் போகிறவர்கள் 'மூச்சு வாங்குதாம்' என்று எடுத்துச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு சொல்லில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

பலவீனமா, பலகீனமா?

வடமொழி 'பலஹீன'விலிருந்து வந்தது. ஹகரம் தமிழில் வகரமாகவும் ககரமாகவும் மாறியிருக்கிறது. எழுத்தில் பலவீனம் நிலைத்துவிட்டது, அதையே எழுதுங்கள்.

'தள்ளாத வயது' என்கிறோமே, எதைத் தள்ளாத வயது?

எதையும் தள்ளுவதல்ல. இங்கே 'தள்ளு' என்றால் இயலுதல். 'வயசாயிடுத்து, தள்ளலை' என்று சில வீடுகளில் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். ஆக, தள்ளாமை என்பது முதுமையால் வரும் இயலாமை. இருபது வயதுப் பையனுக்கு டைபாய்டு வந்து எழுந்திருக்க முடியவில்லை என்றால் அதைத் தள்ளாமை என்று எழுதாதீர்கள். அவனுக்கு 'முடியவில்லை', அவ்வளவுதான். இலங்கைத் தமிழர் 'ஏலாது' என்பார்கள், நல்ல பழஞ்சொல்.

சவலைப் பிள்ளை என்றால் நோஞ்சான் பிள்ளையா?

எல்லா நோஞ்சானும் சவலை அல்ல. அம்மா அடுத்த பிள்ளையை உண்டானதால் பால் குறைந்து, ஏங்கி மெலிந்த குழந்தையே சவலை. காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் சொல் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். செய்யுள் இலக்கணமான யாப்பிலும் இது உண்டு. நேரிசை வெண்பா என்ற பாவகையில் இரண்டாம் அடியின் நான்காம் சீராகத் தனித்து நிற்கும் தனிச்சொல் இல்லாமல் போனால் அது சவலை வெண்பா. மூதுரையின் 'அட்டாலும் பால்சுவையிற் குன்றாது' பாட்டில் இரண்டாம் அடியை எண்ணிப் பாருங்கள்: 'நட்டாலும் நண்பல்லார் நண்பல்லர்', மூன்றே சீர்.