போர்ட்டிங், பாலிஷிங் என்றால் என்ன? வீட்டிலேயே செய்யலாமா?

இன்ஜினுக்குள் காற்று நுழையும் வழியை அராவிச் சீராக்குவது போர்ட்டிங்; அந்த வழியின் உட்புறத்தை வழவழப்பாக்குவது பாலிஷிங். வார்ப்பில் செய்த சிலிண்டர் ஹெட்டிலும் (சிலிண்டரின் மேல்மூடி) அதற்குக் காற்றைக் கொண்டுவரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலும் பிசிறுகள் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் விரல் விட்டுத் தடவினால், நகத்தில் இடறும் சிறு படி தெரியும். காற்று அங்கே மோதிச் சுழல்வதால், இன்ஜின் அதிவேகமாகச் சுற்றும்போது சிலிண்டர் முழுதாக நிரம்பாது. அந்த அளவுக்குச் சக்தி குறையும்.

புதுச்சேரி நேரு வீதியில் மாலை நேரத்தில் ஒரு வண்டி குறுக்கே நின்றால் போதும், தெருவே திணறும். அதற்காகக் கடைகளை இடிப்பதில்லை, வண்டியை நகர்த்துகிறோம். இங்கேயும் அப்படித்தான்: தடையை மட்டும் நீக்கினால் போதும்.

கேஸ்கெட்டை (இரண்டு பாகங்களுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய அடைப்புத் தகடு) வைத்து விளிம்பைக் கோடு கிழித்து, கோட்டுக்கு வெளியே போகாமல் படியை மட்டும் அராவுங்கள். வழியை அகலமாக்கும் ஆசை வேண்டாம்: காற்றின் வேகம் குறைந்து, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது கிடைக்கும் இழுவை குறைந்துவிடும். ஆழமாகத் தோண்டினால் இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் அறையே ஓட்டையாகலாம், ஹெட் காயலான் கடைக்குத்தான். வால்வு அருகே கைவைப்பதை, என்னைக் கேட்டால், அனுபவமுள்ள பட்டறைக்கு விட்டுவிடலாம். முடித்தபின் அலுமினியத் தூள் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவ வேண்டும்.

இன்டேக் வழி கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோலும் அதே வழியில் வரும் இன்ஜினில் சற்றுச் சொரசொரப்பான பரப்புதான் நல்லது, சுவரில் படியும் பெட்ரோல் மீண்டும் காற்றோடு கலக்க அது உதவும்.