அமெரிக்காவில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வாங்குபவர்கள் அதை வீட்டில் எப்படி வைக்க வேண்டும்?

பாதுகாப்பாக வைப்பது என்றால், தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது. தோட்டாக்களை வேறொரு பெட்டியில் வைத்து அதையும் பூட்டுவது. ஓரிகன் மாநிலத்தில் 2021 முதல் துப்பாக்கியைப் பூட்டி வைக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

ஏன் இவ்வளவு? தலையணைக்கு அடியிலோ அலமாரியின் மேல்தட்டிலோ ஒளித்து வைத்ததைக் குழந்தைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம், வீட்டில் மனம் உடைந்து போன ஒருவர் இருந்தால், பூட்டைத் திறக்க ஆகும் அந்தச் சில நிமிடங்களே அவர் உயிரைக் காப்பாற்றலாம். என்னைக் கேட்டால், இந்த ஒரு காரணமே போதும்.

இரவில் அடுப்பை அணைத்த பிறகு சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுகிறோம் அல்லவா, அதுபோலத்தான். ஒன்று தவறினாலும் இன்னொன்று தடுக்கும்.

சரி, அவசரத்துக்கு எடுக்க முடியாதே என்றால், கைரேகை வைத்தோ எண்ணை அழுத்தியோ சில விநாடிகளில் திறக்கும் சிறிய பெட்டகங்கள் கிடைக்கின்றன. பிள்ளைகளின் பிறந்தநாளை அதற்கு எண்ணாக வைக்காதீர்கள்.

தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குழலின் பின்னால் உள்ள அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம், அதனால் கைத்துப்பாக்கியின் மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும்.